வில்லும் மூட்டும்: துவிச்சக்கர வண்டியின் பின்சில்லு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

பொறிகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் காப்புரிமைப் பத்திரங்களையே முதற்சான்றாகக் கொள்வர். அது தவறன்று, ஆண்டும் பெயரும் படமும் ஒருங்கே கிடைக்கும் சான்று வேறு எளிதில் அகப்படாது. ஆயினும் காப்புரிமைப் பத்திரம் ஒரு பொறியின் பிறப்புச் சாதகத்தைக் கூறுமேயன்றி, அப்பொறி இரண்டு மாரிக்காலம் கண்டபின் எந்நிலையில் இருந்தது என்பதைக் கூறாது. அதனை அறிந்தவர்கள் பட்டறைகளிற் கிறீஸ் படிந்த கையுடன் நின்றவர்கள். அவர்கள் ஏடெழுதி வைக்கவில்லை.

துவிச்சக்கர வண்டியின் பின்சில்லுக்கு வில் பொருத்திய வரலாறு இங்ஙனம் ஒருபக்கச் சான்றால் எழுதப்பட்ட வரலாறுகளுள் ஒன்று. வழக்கமாகக் கூறப்படுவது இது: பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வில்வைத்த சட்டகங்கள் பல தோன்றின, காற்றடைத்த ரயர் வந்ததும் அவை மறைந்தன, நூறாண்டு கழித்து மலைச் சைக்கிள் தோன்றியபோது அவை மீண்டும் உயிர்பெற்றன. இக்கூற்றிற் பொய் ஒன்றுமில்லை. ஆனால், வில் 1885ஆம் ஆண்டிலேயே நன்றாக இருந்ததெனின் அது ஏன் நிலைபெறவில்லை? இன்று தன் வீட்டுப் பின்புறத்தில் இரும்புக் குழாய்களை ஒட்டித் தானே ஒரு வில்வண்டியைக் கட்டிக்கொள்பவன் முதல் நாட் சவாரியில் வில்லைப்பற்றி யாதொரு குறையுங் காணாமல், வண்டியின் வால் பக்கவாட்டில் அசைகின்றது என்றும், மிதிக்குந்தோறும் கிறீச்சிடுகின்றது என்றும் முறையிடுவது ஏன்? இவ்விரு வினாக்களுக்கும் விடை ஒன்றே என்பதும், அவ்விடை வில்லில் இல்லை, மூட்டில் உள்ளது என்பதுமே இக்கட்டுரையின் துணிபு.

மூட்டு என்றது யாதெனச் சிறிது விளக்குதல் வேண்டும். நம் வீதிகளில் நாம் நெடுங்காலமாய்க் காணும் சாதாரணத் துவிச்சக்கர வண்டியின் சட்டகம் முக்கோணங்களால் ஆயது. முக்கோணம், பக்கங்களின் நீளம் மாறாதவரை உருமாறாது. ஆகவே மெல்லிய குழாய்களைக்கொண்டே பெரும் பாரத்தைத் தாங்குகின்றது. பின்சில்லு தனியே மேலெழ வேண்டுமெனின் இம்முக்கோணத்தை எங்கேனும் வெட்டி, வெட்டிய இடத்தில் ஓர் ஆணியில் ஆடும் மூட்டை அமைத்தல் வேண்டும். அங்ஙனம் அமைத்த பின்னர், சில்லு மேலுங் கீழும் செல்வதைத் தாங்குவது வில். சில்லு பக்கவாட்டிற் சாயாமலும் முறுகாமலும் காப்பது யார்? முன்பு முழு முக்கோணமும் செய்த வேலையை இப்பொழுது கட்டைவிரல் அளவான ஒரு மூட்டே பெரிதும் செய்ய வேண்டியதாகின்றது.

இதன் கொடுமையை ஒரு சிறு கணக்கால் அறியலாம். மூட்டைத் தாங்கும் இரு பேரிங்குகளுக்கும் இடையே 60 மில்லிமீற்றர் தூரம் உண்டென்றும், மூட்டிலிருந்து பின்னச்சு 430 மில்லிமீற்றர் தூரத்தில் உள்ளதென்றும் கொள்வோம். இவை இக்கால மலைச் சைக்கிளுக்குப் பொருந்தும் அளவுகளே. மூட்டிற் பத்திலொரு மில்லிமீற்றர் தளர்வு ஏற்பட்டால், அது பின்னச்சில் ஏழு மடங்காகி 0.7 மில்லிமீற்றராகின்றது; சில்லின் பின்விளிம்பில் 1.3 மில்லிமீற்றரை எட்டுகின்றது. கடுதாசியின் தடிப்பளவான தேய்வு ஒன்று, ஓட்டுபவன் தன் இடுப்பால் உணரக்கூடிய ஆட்டமாக மாறுகின்றது. பேரிங்குகளின் இடைத்தூரத்தை இருமடங்காக்கினால் ஆட்டம் பாதியாகும். பின்வரும் வரலாறு முழுவதும் இக்கணக்கின் நிழலிலேயே நடைபெறுகின்றது.

1817ஆம் ஆண்டு யூன் மாதத்தில் கார்ல் திரைஸ் என்பார் ஜேர்மனியின் மன்ஹைம் நகரத்திலிருந்து காலால் உந்திச் செலுத்திய மரவண்டியில் வில்லும் இல்லை, மிதியும் இல்லை. 1860களிற் பாரிஸ் நகரத்தில் மிஷோ குடும்பத்தார் செய்த மிதிவண்டிக்கு இருப்புப் பட்டையணிந்த மரச்சில்லுகள் இருந்தன. கல்பாவிய தெருக்களில் அது ஓட்டுநரை உலுக்கிய உலுக்கில் ஆங்கிலேயர் அதற்கு எலும்புகுலுக்கி என்றே பெயரிட்டனர். எனினும் மிஷோ வண்டியின் இருக்கை நீண்டதொரு பட்டைவில்லின்மேல் அமைந்திருந்தது என்பது கவனிக்கத்தக்கது. அங்கே வில் தாங்கியது மனிதனை, வண்டியை அன்று. சில்லு தன் சட்டகத்தோடு இறுகவே நின்றது. இவ்வழி இன்றளவும் அழியவில்லை. ராலே போன்ற வண்டிகளின் தோலிருக்கைக்குக் கீழே சுருள்வில்கள் இருந்ததை நம்மூர் மூத்தோர் நன்கு அறிவர்.

அடுத்து வந்த உயர்சில்லு வண்டியில் முன்சில்லு ஆளின் மார்பளவு உயர்ந்தது. பெரிய சில்லு சிறு பள்ளங்களை எளிதிற் கடக்கும். ஆதலால் அதிர்ச்சியைப்பற்றிய முறைப்பாடு ஓரளவு தணிந்திருந்தது. விழுந்தாற் கழுத்து முறியும் என்பதே அதன் பெருங்குறை. அக்குறையை நீக்க 1885இல் ஜோன் கெம்ப் ஸ்ரார்லி என்பார் கொவென்றி நகரத்தில் ‘ரோவர்’ என்னும் வண்டியை வெளியிட்டார். ஏறக்குறைய ஒத்த அளவான இரு சில்லுகளும், பின்சில்லைச் செலுத்தும் சங்கிலியும் உடைய அதுவே இன்றைய வண்டிக்கெல்லாம் மூதாதை. ஆனால் சில்லுகள் சிறுத்தன; அவற்றைச் சுற்றியிருந்ததோ திண்ணிய இறப்பர். ஆகவே எலும்புகுலுக்கியின் துன்பம் வேறுருவில் மீண்டும் வந்தது.

அதே 1885ஆம் ஆண்டில் இலண்டனைச் சேர்ந்த லின்லி, பிக்ஸ் என்னும் நிறுவனத்தார் ‘விப்பெற்’ என்னும் வில்வண்டியைச் செய்தனர். அதன் அமைப்பு உண்மையிலேயே வியக்கத்தக்கது. இருக்கை, கைபிடி, மிதி என்னும் மூன்றையும் ஒரு தனி முக்கோணமாக்கி, அம்முக்கோணத்தைச் சில்லுகளைத் தாங்கும் சட்டகத்திலிருந்து வில்லால் தொங்கவிட்டனர். இருக்கையை மட்டும் வில்லில் ஏற்றினால் மிதிக்கும் இருக்கைக்கும் இடையிலான தூரம் ஒவ்வொரு குலுக்கலிலும் மாறும்; விப்பெற்றில் அது மாறாது. இன்றைய மலைச் சைக்கிள் அமைப்பாளர் ஒருவர் அதன் படத்தைக் கண்டாராயின் தம் தொழிலின் மூலப் பிரச்சினை அங்கே தெளிவாக உணரப்பட்டிருந்ததை ஒப்புக்கொள்வார்.

படத்தில் இல்லாதது யாதெனின், மூட்டுகள் நாட்பட நின்ற நிலை. அக்காலத்து மூட்டு, ஆணியொன்று துளையொன்றினுள் நேரே உராய்ந்து ஆடும் மூட்டு. அதற்குப் புழுதி தடுக்கும் உறை இல்லை. இடப்படும் எண்ணெய் புழுதியைக் கவர்ந்து அரத்தின் வேலையைச் செய்யும். தார் காணாத வீதிகளின் மண்ணும் மழைநீரும் சேர்ந்து துளையை நீள்வட்டமாக்கும். ஒரு மூட்டு தளர்ந்தாலே மேற்காட்டிய கணக்கின்படி வால் ஆடும். வில்வண்டிகளுக்கோ மூட்டுகள் பல. அன்றியும் அவை இறுகிய சட்டகத்திலும் பாரமும் விலையும் கூடியவை. ஆகவே, வில்வண்டி தன் போட்டியாளனைச் சந்திக்கும் முன்னரே உள்நோய் உடையதாய் இருந்தது என்பதே பொருத்தமாகும்.

அப்போட்டியாளனைப் பெல்பாஸ்ற் நகரத்தில் வாழ்ந்த கால்நடை வைத்தியராகிய ஜோன் போயிட் டன்லொப் உருவாக்கினார். 1887இல் தம் மகனின் முச்சில்லு வண்டிக்காகக் காற்றடைத்த இறப்பர்க் குழாயைச் சில்லிற் கட்டிப் பார்த்து, மறு ஆண்டிற் காப்புரிமையும் பெற்றார். இக்கருத்தை ரொபேர்ட் தொம்சன் என்னும் ஸ்கொத்லாந்தர் 1845ஆம் ஆண்டிலேயே பதிவு செய்திருந்தார் என்பது பின்னர்த் தெரியவர, டன்லொப்பின் உரிமை செல்லாததாயிற்று. ஆனால் ரயர் நின்றது. 1889 மே மாதத்தில் வில்லி ஹியூம் என்பவர் காற்று ரயர் பூட்டிய வண்டியிற் பெல்பாஸ்ற் பந்தயங்களில் வென்றபின் அதனை எள்ளியவர்களே அதனை வாங்கத் தொடங்கினர். (1876இல் கியூ தோட்டத்திலிருந்து இறப்பர் நாற்றுகள் நம் நாட்டுக்கு வந்து ஹெனரத்கொடையில் நடப்பட்டிருந்தன. எனினும் டன்லொப்பின் முதற் குழாய்கட்கு அவை உதவியிரா. அக்காலத்து இறப்பர் பெரும்பாலும் காட்டு மரங்களிலிருந்து பெறப்பட்டது. இத்தொடர்பை மிகைப்படுத்திப் பேசுவோர் ஆண்டுக்கணக்கைப் பார்ப்பதில்லை.)

ரயர் வெற்றிபெற்றமைக்குக் காரணமாக அதன் மென்மையைக் கூறுவர். மென்மையான வில் விப்பெற்றிலும் இருந்ததே! ரயரின் தனிச் சிறப்பு, அது மூட்டில்லாத வில் என்பது. அதில் ஆணி இல்லை, துளை இல்லை, எண்ணெயிட வேண்டிய இடம் இல்லை. நிலத்தைத் தொடும் இடத்திலேயே அதிர்ச்சியை ஏற்றுக்கொண்டு சட்டகத்தின் முக்கோணத்தைத் தீண்டாமல் விட்டுவிடுகின்றது. வில்வண்டியை ஒழித்தது இறப்பர் என்பதினும் மூட்டின்மை என்பதே சரி. 1900ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவின் பஃபலோ நகரத்துப் பியர்ஸ் நிறுவனத்தார் பின்கவையின் மேற்பகுதியிற் சிறு வில்லொன்றைப் பொதிந்து விற்ற வண்டியும் இதற்குச் சான்றாகும். அதில் அசைவு மிகச் சிறிது. அச்சிறுமையே அதனை வாழவைத்தது. அந்நிறுவனம் பின்னர் மோட்டார் வாகனங்களாற் புகழ்பெற்றது.

அதன்பின் ஏறக்குறைய அரை நூற்றாண்டு, வில்லையும் மூட்டையும் பற்றிய கல்வி மோட்டார் சைக்கிளாரிடம் சென்றுவிட்டது. அவர்களுக்கு வேகம் அதிகம். ரயர் மட்டும் போதாது. பிலிப் வின்சென்ற் என்னும் ஆங்கிலேயர் 1928இல் முழுப் பின்முக்கோணத்தையும் ஒரு மூட்டில் ஆடவிட்டு, வில்களை இருக்கைக்குக் கீழே அமைத்தார். பின்முக்கோணத்தை வெட்டாமல் முழுதாகவே வைத்துக்கொண்டு ஆடச்செய்தமை நுட்பமான செயல். ஆயினும் பலர் பின்சில்லுக்கு வில் வைத்தால் வண்டி நெளியும் என அஞ்சினர். அவ்வச்சம் மூடநம்பிக்கையன்று, அனுபவம்.

அவ்வச்சத்தைப் போக்கியவர், மீண்டும் ஒரு பெல்பாஸ்ற் மனிதர். ரெக்ஸ் மக்கான்ட்லெஸ் பொறியியற் கல்லூரிப் படிப்பில்லாதவர். 1940களிற் தம் சகோதரர் குரொமியுடன் சேர்ந்து தம் கைப்படவே ஒரு மோட்டார் சைக்கிளைக் கட்டி, பின்கவையை அகன்ற மூட்டொன்றில் ஆடவைத்துச் சோதித்தார். அவ்வனுபவத்திற் பிறந்த சட்டகத்தை நோர்ட்டன் நிறுவனம் ஏற்றது. 1950இல் மான் தீவுப் பந்தயத்தில் ஜெவ் டியூக் அதில் முதலிடம் பெற்றார். இறகுமெத்தை எனப் பெயர்பெற்ற அச்சட்டகத்தின் பெருமையை அதன் வில்லுக்குக் கொடுப்பது அநீதி. குழாய்கள் இரட்டையாகச் சுற்றி வந்து மூட்டை இருபுறமும் அகலமாகப் பற்றிக்கொண்டமையாலேயே சில்லுகள் இரண்டும் ஒரு தளத்தில் நின்றன. மூட்டில்லாத வில்லைத் தந்த நகரமே மூட்டை நம்பத்தக்கதாக்கிய மனிதரையும் தந்தது என்பது வரலாற்றின் சுவையான நிகழ்ச்சிகளுள் ஒன்று.

மிதிவண்டியில் இக்கல்வியை முதலிற் பெரிதாகப் பயன்படுத்தியவர் அலெக்ஸ் மோல்ற்றன். 1962இல் அவர் வெளியிட்ட சிறுசில்லு வண்டியில் முன்னும் பின்னும் வில்லமைப்பு இருந்தது. அது நகர வண்டி. நமது கதைக்கு வழித்துணை மாத்திரமே.

கதை மீண்டும் சூடுபிடிப்பது கலிபோர்ணியாவின் மரின் மாவட்டத்தில். தமல்பைஸ் மலையைச் சூழ்ந்த பகுதியில் 1970களில் இளைஞர் சிலர் 1930களிலும் 1940களிலும் செய்யப்பட்ட பழைய அகல்ரயர் வண்டிகளை மலையேற்றிக் கீழே உருட்டி விளையாடினர். அவர்கள் 1976இற் பந்தயம் தொடங்கிய பாதை இரண்டு மைலுக்குச் சற்று மேற்பட்ட தூரத்தில் 1300 அடி இறங்குவது. இறக்கத்தின் வெப்பத்தில் பின்குடத்துத் தடுப்பின் கிறீஸ் புகைந்து போகும். மறுமுறை ஓடுமுன் கிறீசை மீளத் திணிக்க வேண்டும். அதனாலே அப்பாதைக்கு ‘ரீபக்’ என்னும் பெயர் உண்டாயிற்று. 1977இல் ஜோ பிரீஸ் என்பவர் பழைய சட்டகங்களை நம்பாது, இவ்வேலைக்கென்றே புதிய குழாய்களாற் சட்டகம் கட்டினார். மலைச் சைக்கிளின் மூலமே கைப்படக் கட்டிய வண்டி என்பதை ஈண்டு நினைவிற் கொள்க.

பிரீசின் வண்டிக்கு வில் இல்லை. அகன்ற ரயரே வில். ஆனால் இறக்கம் வேகமாக ஆக, ரயர் தாங்கக்கூடிய எல்லை வெளிப்பட்டது. 1989இல் போல் ரேணர் தொடங்கிய ரொக்சொக்ஸ் நிறுவனத்தின் முன்கவை, மோட்டார் சைக்கிளிற்போல ஒன்றினுள் ஒன்று நழுவும் குழாய்களைக் கொண்டது. 1990இல் கொலராடோவின் டுராங்கோ நகரில் நடந்த முதல் உலகப் போட்டியில் இறக்கப் பந்தயத்தை வென்ற கிரெக் ஹெர்போல்ட் அத்தகைய கவையையே பூட்டியிருந்தார். முன்சில்லின் பிரச்சினை இங்ஙனம் விரைவில் தீர்ந்தது. பின்சில்லு எளிதில் இணங்கவில்லை. ஏனெனில் அங்கே சங்கிலி உண்டு.

மிதிக்கும்போது சங்கிலியின் இழுவை பின்கவையை இழுக்கின்றது. ஓட்டுநரின் உடற்பாரம் மிதியோடு மிதி மாறுகின்றது. மூட்டு எங்குள்ளது என்பதைப் பொறுத்து வண்டி ஒவ்வொரு மிதிக்கும் அமிழ்ந்தெழும். இதனைத் தணிக்கவே 1990களின் தொடக்கத்தில் அமைப்பாளர்கள் இணைப்புக்கோல்களைப் பெருக்கினர். அமெரிக்க மோட்டார் சைக்கிள் வீரர் மேர்ட் லோவில் நாற்கோல் இணைப்பொன்றை அமைத்தார். ஒஸ்திரியாவிற் பிறந்து கலிபோர்ணியாவிற் குடியேறிய ஹோர்ஸ்ற் லைற்னர், பின்னச்சுக்குச் சற்று முன்னும் கீழுமாகக் கீழ்க்கவையில் ஒரு மூட்டு வைத்தார். அஃது அவர் பெயராலேயே வழங்குகின்றது. அதன் உரிமையைப் பின்னர் ஸ்பெஷலைஸ்ட் நிறுவனம் விலைக்கு வாங்கியது. மிதிப்பின் குறை குறைந்தது. விலையாகக் கொடுத்தது மூட்டுகளின் எண்ணிக்கை. ஒற்றை மூட்டு வண்டிக்குப் பேரிங் இரண்டு போதும். லைற்னர் வகை வண்டியில் நான்கு மூட்டுகளும் இருபுறமும் அமைவதால் எட்டாயின. அதிர்வுதாங்கியின் இரு நுனிகளையும் சேர்த்தாற் பத்து இடங்கள் தேயவும் ஒலிக்கவும் காத்திருக்கும். 1885இன் விப்பெற் நோய் மீண்டும் வந்தது.

பெரிய நிறுவனங்கள் அச்சுகளைத் தடிப்பாக்கியும், அலுமினியத்தை அடித்தும் வார்த்தும், ஆயிரக்கணக்கிற் செய்து பழகியும் இந்நோயைப் பெரிதும் தணித்தன. தானே கட்டுபவனுக்கு அவ்வசதி இல்லை. ஆதலால் நூற்றைம்பது ஆண்டின் பிரச்சினைகள் யாவும் அவன் ஒருவனுடைய மேசையில் வந்து குவிகின்றன. இற்றைநாளிற் கட்டப்படும் அத்தகைய வண்டியொன்றைச் சோதிக்கும் முறையைச் சற்று விரிவாக நோக்குதல், பழைய பட்டறைகளில் எழுதப்படாது போன வரலாற்றை அறிவதற்கு ஒரு வழியாகும்.

முதலாவது அசைவு. இருக்கையை ஒரு கையாற் பற்றிக்கொண்டு சில்லின் உச்சியை மறுகையாற் பக்கவாட்டில் தள்ளும்போது வால் அசையுமானால், அசைவு எங்குள்ளது எனத் துணிய வேண்டும். சில்லுக்கும் கவைக்கும் இடையிலுள்ள இடைவெளி மாறுகின்றதெனின் குற்றம் சில்லின் கம்பிகளிலோ குடத்திலோ உள்ளது. மூட்டைக் குறைகூறல் வீண். கவையும் சில்லும் சேர்ந்து அசைகின்றனவெனின், மூட்டின் இரு பாகங்களும் சந்திக்கும் விளிம்பில் விரலை வைத்து மீண்டும் தள்ளுக. விரலின் கீழ்ச் சிறு படி தோன்றி மறையுமாயின் அது தளர்வு. படி தோன்றாமலே வால் அசையுமாயின் குழாய்களே முறுகுகின்றன. தளர்வும் முறுகலும் ஓட்டத்தில் ஒன்றுபோலத் தோன்றினும் மருந்து வேறு. இதனை அறியாது திருகாணிகளை மேலும் மேலும் இறுக்கிப் புரி அறுத்தோர் பலர்.

முறுகலுக்கு மருந்து குழாயின் விட்டத்தில் உள்ளது. மெல்லிய சுவருடைய குழாயின் முறுக்கு விறைப்பு விட்டத்தின் மும்மடிக்கு ஒப்ப ஏறும். முக்கால் அங்குலக் குழாயை நீக்கி, அதே சுவர்த் தடிப்புள்ள ஓரங்குலக் குழாயை வைத்தால் விறைப்பு ஏறத்தாழ 2.4 மடங்காகின்றது, பாரமோ மூன்றிலொரு பங்கே கூடுகின்றது. ஆனால் பற்சில்லுக்கும் ரயருக்கும் இடையில் அதற்கு இடமிராது. அவ்விடத்தில் இரு கவைக் கால்களையும் மூட்டுக்கு அண்மையில் தடித்த பாலமொன்றால் இணைப்பது வழக்கம். மற்ற நுனியில் அவற்றை இணைப்பது பின்னச்சே. பழைய விரைவுத்திறப்பு அச்சில் ஐந்து மில்லிமீற்றர்க் கம்பியே இரு கால்களையும் இழுத்துப் பிடித்தது. பன்னிரண்டு மில்லிமீற்றர்க் குழலச்சு கவையின் ஒருபுறம் நுழைந்து மறுபுறம் புரியிற் பற்றுவதால் கவையின் ஓர் உறுப்பாகவே ஆகிவிடுகின்றது. பின்கவையை மாற்ற மனமில்லாதவன் அச்சை மாற்றினாலும் வேறுபாட்டை உணர்வான்.

தளர்வுக்கு மருந்து நுண்ணளவுகளில் உள்ளது. மூட்டாணி சுற்ற வேண்டிய இடம் பேரிங்கின் குண்டுகளிலேயே. ஆணிக்கும் உள்வளையத்துக்கும் இடையில் அன்று. அதற்கு இரு உள்வளையங்களுக்கும் இடையில் ஓர் இடைக்குழல் வேண்டும். இடைக்குழல் நீண்டாற் பக்கவாட்டுத் தளர்வு நிற்கும். குறுகினால் திருகாணியை இறுக்குந்தோறும் பேரிங் நெரிந்து சில நாளிற் கெடும். கால் மில்லிமீற்றருக்கும் குறைந்த மெல்லிய வளையத்தகடுகளை ஒவ்வொன்றாக இட்டுப் பார்த்தே இதனைச் சரிசெய்வர். இன்னொரு குற்றம் ஒட்டும்போது உண்டாவது. உருக்கி ஒட்டிய இரும்பு ஆறும்போது சுருங்கிக் குழலை இழுக்கும். வட்டத்துளை சற்றே நீள்வட்டமாகும். இருபுறத்துத் துளைகளும் ஒரு நேர்கோட்டை விட்டு விலகும். ஆகவே இருபுறமும் ஊடுருவும் தடித்த போலியச்சொன்றை வைத்துக்கொண்டே ஒட்டி, ஆறியபின் துளையை அளவுக்குக் கடைந்தெடுப்பர். ஏற்கெனவே தளர்ந்துவிட்ட துளைக்கு, பேரிங்கின் வெளிவளையத்தைப் பற்றும் உலோகப் பசை ஓரளவு உதவும்.

இணைப்புகள் நேராயுள்ளனவா என அறிய ஒரு சோதனை உண்டு. அதிர்வுதாங்கியைக் கழற்றிவிட்டுப் பின்கவையைத் தூக்கி விடுக. அது தன் பாரத்தாலேயே தடையின்றித் தாழ வேண்டும். நடுவில் எங்கேனும் தயங்குமாயின் மூட்டுகள் ஒன்றையொன்று எதிர்க்கின்றன. அந்த எதிர்ப்பை வண்டியோடும்போது சுமப்பது அதிர்வுதாங்கியின் தண்டு. பாவம், அது பக்கப்பாரம் சுமக்கச் செய்யப்பட்டதன்று.

இரண்டாவது ஒலி. முன்னாளிற் கிணற்றுத் துலா ஆடுகாலில் ஏறியிறங்கும்போது முனகுவதைக் கேட்டவர்களுக்கு இதன் காரணம் விளங்கும். பாரத்தால் நெருக்குண்ட இரு மேற்பரப்புகள் ஒட்டிநின்று, திடீரென வழுக்கி, மீண்டும் ஒட்டுகின்றன. அவ்வொட்டுதலும் வழுக்கலும் விரைந்து மாறிவருவதே கிறீச்சொலி. ஆகவே ஒலி எழும் இடம் பெரும்பாலும் அசையவேண்டிய இடமன்று. அசையக்கூடாத இடம் நூலளவு அசைகின்றது என்பதற்கே அஃது அறிகுறி. ஒலியைக் காதால் தேடுவோர் ஏமாறுவர், ஏனெனில் வெற்றுக் குழாய்கள் ஒலியைக் கடத்தும். பின்னச்சில் எழுவது மிதியச்சில் எழுவதுபோற் கேட்கும். அறிவுடையோர் விலக்குமுறையைக் கையாள்வர். எழுந்துநின்று மிதிக்கும்போது ஒலி ஒழிந்தால் இருக்கைத்தண்டைப் பார்க்க வேண்டும். மிதியாது உருளும்போதும் பள்ளங்களில் ஒலித்தால் மிதியையும் சங்கிலியையும் விடுவித்துவிடலாம். பின்னர் எளியனவற்றிலிருந்து தொடங்கி, பின்னச்சு, கியர்மாற்றியைத் தாங்கும் சிறுதகடு, மிதிப்புரி, மிதியச்சு என ஒன்றொன்றாய்க் கழற்றித் துடைத்துக் கிறீசிட்டு, ஒவ்வொன்றின் பின்னும் ஓட்டிப் பார்ப்பர். இரண்டை ஒருங்கே செய்தவன் ஒலி ஏன் நின்றது என்பதை ஒருநாளும் அறியான். மூட்டுகள் கடைசியில் வரும். அங்கே உலர்ந்திருப்பது பெரும்பாலும் வெளிவளையத்துக்கும் துளைக்கும் இடைப்பட்ட பரப்பு, அல்லது அதிர்வுதாங்கி நுனியின் குழலுறை.

பேரிங் ஏன் இத்துணை விரைவில் கெடுகின்றது என்பாரும் உளர். சில்லுக் குடத்துப் பேரிங் நாள்முழுதும் சுற்றுகின்றது. மூட்டுப் பேரிங்கோ, 140 மில்லிமீற்றர் அசைவுள்ள வண்டியில் ஏறத்தாழ 19 பாகையே ஆடுகின்றது. குண்டுகள் ஒரே இடத்தில் முன்னும் பின்னும் உருண்டு, கிறீசை ஒதுக்கிவிட்டு, வளையத்தில் குழி பறிக்கின்றன. இதனாலேயே குண்டுகளைப் பிரிக்கும் கூட்டை நீக்கி, அவ்விடத்தையும் குண்டுகளால் நிரப்பிய பேரிங்குகளை மூட்டுக்கு உகந்தன என்பர். வேகமாய்ச் சுற்றுவதற்கு அவை தகா. மூட்டுக்கு வேகம் வேண்டியதில்லை.

மூட்டைத் திருத்துவது ஒருபுறமிருக்க, மூட்டையே நீக்கும் முயற்சியும் நடைபெற்றது. 1980களில் மூட்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் கீழ்க்கவையின் குழாய்களையே சற்று வளையவிட்டு, மேற்கவையின் உச்சியில் ஒரு சிறு வில்லைப் பொதிந்தது. பியர்ஸ் வண்டியின் படத்தை அறிந்தவர்க்கு அஃது அந்நியமாகத் தோன்றாது. 2000களின் தொடக்கத்தில் கனொன்டேல் நிறுவனத்தின் ‘ஸ்கல்பெல்’ வண்டியிற் கரிநாராலான கீழ்க்கவை, மூட்டின்றித் தானே வளைந்து சில்லை மேலெழவிட்டது. இன்று குறைந்த அசைவுள்ள பந்தய வண்டிகள் பலவற்றில் பின்னச்சருகே மூட்டுக் காணப்படுவதில்லை. அங்கே கவையின் ஒரு பகுதி தட்டையாக மெலிந்து ஓரிரு பாகை வளைகின்றது. தட்டையான உறுப்பு மேல்கீழாக வளைந்தாலும் பக்கவாட்டில் விறைப்பாக நிற்கும். அதற்குக் கிறீஸ் வேண்டியதில்லை, கிறீச்சொலியும் இல்லை. ஆயினும் மிதியச்சுக்கு அருகிலுள்ள முதன்மை மூட்டில் ஆட்டம் பெரிதாதலால், அவ்வண்டிகளுட் பெரும்பாலானவற்றில் அங்கே ஆணியும் பேரிங்கும் இன்னும் இருந்தே வருகின்றன.